வலைக்கூடைக்குள் நின்ற ஆட்டம்

மாடியில் பின்பக்க அறையை வாடகைக்குக் கேட்டுப் போனபோது வீட்டுக்காரம்மா என்னை அதிகம் விசாரிக்கவில்லை. எங்கே வேலை என்று மட்டும் கேட்டார். துணி மில்லில், மென்டிங் பிரிவில் என்றேன். அதுவரை என் முகத்தைப் பார்த்துப் பேசியவர், அதைக் கேட்டதும் என் கைகளைப் பார்த்தார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் அடுத்த கேள்வி கேட்காமல் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

தறியிலிருந்து வரும் துணியைச் சாய்வான மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவதுதான் எங்கள் வேலை. முடிச்சு இருந்தால் விரலில் இடிக்கும். இழை விட்டுப்போன இடம் வழுக்கும். அந்த இடத்தில் ஊசியால் இழை கோத்துச் சரிசெய்ய வேண்டும். கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும், கைக்கு அதுகூட வேண்டாம். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு அங்கே போனவள் நான். படித்தது கொஞ்சம், அதில் மறந்ததும் கொஞ்சம்.

மாடியில் இரண்டே அறைகள். முன்னறையைத் தனக்கு என்று வைத்திருந்தார் வீட்டுக்காரம்மா. அவர் கீழே இருந்தார். முழங்கால் வலியால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் படி ஏறுவார், அதுவும் சாயங்காலம். முன்னறையைப் பெருக்கித் தர முடியுமா என்று கேட்டார். சரி என்றதும், கையை நீட்டித் தடுப்பதுபோல் ஒன்று சொன்னார்.

"மேஜைகிட்ட மட்டும் போகாதேம்மா. தூசி விழுந்தா விழட்டும்."

ஜன்னலோரம் ஒரு சதுர மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். மேஜைமேல் ஈ மொய்க்காமல் சாப்பாட்டை மூடி வைப்போமே, அந்த வலைக்கூடை ஒன்று கவிழ்ந்திருந்தது. நேரம் கழித்து வரும் யாருக்கோ எடுத்து வைத்த சாப்பாடு என்றுதான் முதல் நாள் நினைத்தேன். பெருக்கும்போது எட்ட நின்று பார்த்தேன். உள்ளே சாப்பாடு இல்லை. கட்டம் போட்ட ஓர் அட்டைப் பலகை. அதன்மேல் விரல் நுனி அளவுள்ள மரக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் இங்கிலீஷ் எழுத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்து கிடந்தன. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாய்வுத் தாங்கி. அதில் சில கட்டைகள், அந்தந்த நாற்காலிக்கு முகம் காட்டி நின்றன. ஓரத்தில் சுருக்குக் கயிறு போட்ட ஒரு துணிப்பை.

ஜன்னல் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் மெத்தை உறை மட்டும் அடிக்கடி துவைத்து மாற்றப்பட்டிருக்கும். ஒருமுறை வீட்டுக்காரம்மா திரும்பும்போது அந்த நாற்காலியில் இடித்துக்கொண்டார். "இடிச்சிட்டேனா?" என்றார். என்னிடம் இல்லை.

மில்லில் எனக்குப் பக்கத்து மேஜையில் வேலை செய்யும் அக்காவுக்குத் தெரியாத வீடு அந்த வட்டாரத்தில் கிடையாது. நான் குடியேறிய இடத்தைச் சொன்னதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இங்கிலீஷ் பேய் வீட்டுலயா? உனக்கு முன்னாடி ஒரு நர்சு இருந்தா, ஓடிட்டா. அப்புறம் புதுசா கல்யாணமான ஜோடி, அதுவும் ஓடிடுச்சு. அந்தம்மாவோட செத்துப்போன அக்காகாரி வந்து இங்கிலீஷ்ல பேசறாளாம். பேயெல்லாம் நம்ம பாஷையிலதான் பேசும்னு நினைச்சிருந்தேன். இது படிச்ச பேய்."

அதனால் எனக்கென்ன, எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே என்று மெதுவாகச் சொன்னேன். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. நான் ஊசியில் இழை கோக்கக் குனிந்துகொண்டேன்.

பேச்சு சத்தம் உண்மைதான். முதல் வாரமே கேட்டுவிட்டேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்து அறையில் உட்கார்ந்திருந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் காய்ந்த விதைகள் ஒன்றோடொன்று உரசுவதுபோல் ஒரு சத்தம் வரும். பிறகு ஓர் இங்கிலீஷ் வார்த்தை. கொஞ்ச நேரம் அமைதி. இன்னொரு வார்த்தை. யாருக்கோ பதில் சொல்வதுபோல இருக்கும், ஆனால் கேள்வி காதில் விழாது. ஒரு நாள் கதவு சாத்தாமல் இருந்தது. வீட்டுக்காரம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துணிப்பையை இரண்டு கைகளாலும் ஏந்தி, காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். சுருக்குக் கயிற்றை அவிழ்க்கவில்லை. குலுக்கிவிட்டுப் பையை இருந்த இடத்திலேயே வைத்தார். எதிர் நாற்காலியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். தலையை ஆட்டினார். அந்த வார்த்தை சரியில்லை போலிருக்கிறது.

பேய் யாரென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் இல்லாத ஒருவரிடம் அவ்வளவு மரியாதையாக ஒருவர் காத்திருப்பதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அவரைத் தெருவில் டைப்பிஸ்டம்மா என்பார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய கனமான மிஷினில் தட்டித் தட்டி அவருடைய விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. சூடான டம்ளரைத் துணி இல்லாமல் பிடிப்பார். அவருக்கு ஒரே ஒரு அக்கா இருந்தார் என்பதும், அவரும் என்னைப்போல மென்டிங் வேலை பார்த்தவர் என்பதும் மில்லில் வயதானவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. என் கைகளை ஏன் அப்படிப் பார்த்தார் என்பது அன்றைக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதி புரியாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் படியில் எதிர்ப்பட்டபோது, உங்கள் மில்லில் க்யூ எழுத்து வருகிற வார்த்தை எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டார். நீ எந்தச் சோப்பு போடுகிறாய் என்று கேட்பதுபோல சாதாரணமாகக் கேட்டார். எழுத்துகள் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். சேர்த்துப் படிப்பதுதான் வராது. மறுநாள் துணிக் கட்டின்மேல் குத்தும் முத்திரையில் அந்த வால் முளைத்த வட்டத்தைக் கண்டுபிடித்தேன். எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்து வந்து ஒப்பித்தேன்.

"குவாலிட்டி," என்றார். "தரம்னு அர்த்தம். ஆனா இதுல எல் இருக்கு, டி இருக்கு. ஆகாது."

ஏன் ஆகாது என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் கண் தானாகத் தேட ஆரம்பித்தது. கடைப் பலகை, மருந்துப் பெட்டி, லாரியின் பின்பக்கம் எல்லாவற்றிலும் எழுத்து பொறுக்கினேன். அவர் வி வேண்டும் என்பார், ஜே வேண்டும் என்பார், டபிள்யூ வேண்டும் என்பார். சாமான் கடையில் கேட்பதுபோல இருக்கும். மின்சாமான் கடைப் பலகையிலிருந்து ஒன்று கொண்டுவந்தேன், "வயர்" என்றார், முகம் மலர்ந்து, "இது ஆகும்". கண்ணாடிப் பாத்திரக் கடையிலிருந்து கொண்டுபோன "ஜார்" ஆனது. வாடகை வண்டியின் பக்கத்தில் எழுதியிருந்த "கார்" ஆனது. சோடாக் கடைப் பலகை ஆகவில்லை.

"எஸ் எல்லாம் போயிடுச்சும்மா," என்றார், ஏதோ சொந்தக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டதுபோல.

நான் பேசுவது குறைவு, பார்ப்பது அதிகம். கொஞ்ச நாளில் ஒன்று பிடிபட்டது. அவர் இசட் வருகிற வார்த்தை கேட்டதே இல்லை. எக்ஸ் கேட்டதே இல்லை. எப்போதும் அதே சில எழுத்துகள்தான். க்யூ, ஜே, வி, டபிள்யூ, சி, ஐ இரண்டு, ஈ, ஆர், ஏ. உலகத்தில் அவருக்கு வேறு எழுத்து மிச்சமில்லை. வலைக்கூடைக்கு உள்ளே முகம் தெரியாமல் இருக்கிற கட்டைகள் எவையோ, அவைதான் இவை என்று ஒரு நாள் பெருக்கும்போது தோன்றியது. துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். ஜன்னல் பக்கத்துத் தாங்கியின் முதுகு எனக்கு நேரே இருந்தது. இரண்டடி சுற்றிப் போனால் முகம் தெரியும். நான் போகவில்லை. போனால் அந்த நாற்காலியில் இருப்பவருக்குப் பின்னால் போய் நிற்பதுபோல ஆகிவிடும் என்று இருந்தது.

மழைக்காலம் முடியும்போது முன்னறையின் கூரை ஊறிப்போய்விட்டது. காரை உப்பி, வெடிப்பு விட்டது. கொத்தனார் வந்து ஏணியில் ஏறிக் கரண்டியால் தட்டினார். உள்ளே கூடாக இருப்பதுபோல் சத்தம் கேட்டது. முழுக்கக் கொத்தி எடுத்துப் பூச வேண்டும், அறையைக் காலி செய்து கொடுங்கள் என்றார். வீட்டுக்காரம்மா அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரம் வந்தபோது முழங்கால் என்றார். மேஜையை மட்டும் அப்படியே விட்டுச் சுற்றிலும் பூச முடியாதா என்று கேட்டார்.

"பூசலாம்மா," என்றார் கொத்தனார். "ஆனா மேல இருக்கிறது கீழ வரும்போது, மேஜையைச் சுத்திக்கிட்டுப் போகணும்னு அதுக்கு யாரு சொல்றது?"

அவர் சொன்னதுபோலவே ஆனது. நான் வேலையிலிருந்து திரும்பியபோது முன்னறையில் தரையெல்லாம் வெள்ளைத் தூள். பலகையளவு காரை ஒன்று விழுந்திருந்தது. பெரும்பகுதி தரையில். ஓரத்து விள்ளல் ஒன்று வலைக்கூடையின்மேல் விழுந்து, கூடை ஒரு பக்கம் நசுங்கி, ஜன்னல் பக்கத்துத் தாங்கிக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றிருந்தது. வீட்டுக்காரம்மா வாசலில் நின்று அந்த ஒரு விரல் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வார விடுமுறை அன்று காலையில் என்னைக் கூப்பிட்டார். தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். அவர் பேசி முடிக்கும்வரை நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுமோ என்று ஒரு பக்கம் பயம், அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம் ஒரு பக்கம்.

அப்பா அம்மா போனபின் அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு மில்லுக்குப் போனார். தங்கை படித்து ஆபீசுக்குப் போனார். இருவருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. யாராவது கேட்டால், "ஆட்டத்துக்கு ரெண்டு பேர் போதும்" என்று அக்கா சிரிப்பாராம். அந்த எழுத்து விளையாட்டு ஆபீசில் வேண்டாம் என்று ஒதுக்கியது, தங்கை கொண்டுவந்தது. ஆளுக்கு ஏழு கட்டை, ஆடியதற்கு ஈடாகப் பைக்குள் பார்க்காமல் கையை விட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்ததை வைத்துப் பலகையில் வார்த்தை கட்ட வேண்டும். க்யூ, ஜே மாதிரி எழுத்துகளுக்குப் புள்ளி அதிகம், ஆனால் வார்த்தை அமைவது கஷ்டம். எழுத்தே இல்லாத கட்டைகள் இரண்டு உண்டு. அதை எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம். அது கிடைத்தவர் கை ஓங்கிவிடும். வெத்துக் கட்டை என்பார்கள் அதை.

"அது எப்பவும் எனக்குத்தான் வரும். 'உனக்குத்தான்டி கை ராசி'ன்னு அக்கா சொல்லுவா. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்."

பெரும்பாலும் தங்கைதான் ஜெயிப்பார். படித்தவர், ஜெயிப்பது இயல்பு என்று இருவருமே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கடைசி ஆட்டத்தில் மட்டும் அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தார். நல்ல இடத்தில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் பைக்குள் கையை விட்டார். கை வெளியே வர நேரமானது. துணிக்குள் விரல்கள் நகர்வது வெளியே தெரிந்தது. பின்தங்கிய கோபத்தில் இருந்த தங்கை, தடவிப் பார்த்து எடுக்கிறாயா என்று கேட்டார்.

"ஆமாடி, தடவித்தான் பாக்கறேன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா. இத்தனை வருஷமா ஏமாத்தியிருக்கே, ஏமாத்துக்காரின்னு நான் சொன்னேன். அவ எடுத்த கட்டையை வரிசையா நிறுத்தினா. எழுந்தா. பால் வாங்கிட்டு வர்றேன், வந்து சொல்றேன்னா. கலைச்சுடாதே, உன் முறைதான்னா."

பால் கடை வாசல் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருக்கிறார். சுவரில் சாய்ந்து கண்ணை மூடியவரைக் கடைக்காரர் களைப்பு என்று நினைத்திருக்கிறார். பெஞ்சைத் துடைக்க வந்து எழுப்பியபோதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து பலகை அப்படியே இருக்கிறது. தங்கை தன் வெத்துக் கட்டையை முன்பே ஆடிவிட்டார், அது பலகையில் இருந்தது. மற்றது ஒன்று அக்காவின் தாங்கியில் இருக்க வேண்டும், இல்லை பையில் இருக்க வேண்டும். பலகையில் இருப்பதையும் தன்னிடம் இருப்பதையும் கழித்துப் பார்த்தால் மறைந்திருக்கும் எழுத்துகள் என்னென்ன என்று தெரியும். எது எங்கே என்றுதான் தெரியாது. அவற்றை வைத்து அக்கா என்ன வார்த்தை கட்டியிருப்பாள் என்று இத்தனை வருடமும் கட்டிக் கட்டிப் பார்த்திருக்கிறார். 'க்விவர்' என்று ஒன்று அமைந்ததாம். நடுக்கம் என்று அர்த்தம். வெத்துக் கட்டையும் க்யூவும் சேர்ந்து அக்கா கையில் இருந்தால் அந்த வார்த்தை விழுந்திருக்கும், ஆட்டமும் அவளுடையது.

தாங்கியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடுமே என்று நான் நினைத்தேன். கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அதுல வெத்துக் கட்டை இருந்தா, என் அக்கா திருடியாவே செத்துப்போனா. இல்லன்னா, திருடாதவளைத் திருடின்னு சொல்லி அனுப்பிட்டேன். ரெண்டுல எது வேணும்னு நீயே சொல்லு."

பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனிகளைப் பார்த்தார்.

"முதல்ல ஒண்ணு தெரியணும். உன்னை மாதிரி கைக்கு, பைக்குள்ள கட்டையைத் தொட்டா என்னன்னு தெரியுமா? என் விரலுக்குத் தெரியல. வேற கட்டையை வெச்சு எத்தனையோ தடவை பார்த்துட்டேன். மரத்துப் போன விரல். அவ சும்மா விளையாட்டுக்கு ஆமான்னு சொன்னாளா, நிஜமாவேவான்னு உன் கைதான் சொல்லணும். பார்க்கக் கூடாது. தொட்டாப் போதும்."

வலைக்கூடையை எடுத்தார். கூடை இருந்த இடத்தில் மேஜையின் மரம் புதிதாக இருந்தது, அதைச் சுற்றித்தான் வருடங்கள் கடந்திருந்தன. பையின் கயிற்றை அவர் அவிழ்க்க முடியாமல் நான்தான் அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. அது அக்கா போட்ட முடிச்சு. எங்கள் மென்டிங்கில் போடுகிற முடிச்சு.

கையை உள்ளே விட்டேன். பழைய துணியின் குளிர்ச்சி. நான்கு கட்டைகள். முதல் கட்டையில் விரல் வைத்ததுமே நெடுக்காக ஒரு பள்ளமும் அதிலிருந்து மூன்று சின்னக் கோடுகளும். ஈ. நான் தேடவில்லை, அதுவே வந்து விரலில் உட்கார்ந்தது. இரண்டாவதில் ஒரு வளைவும் கால் நீட்டிய ஒரு கோடும். ஆர். மூன்றாவது கட்டையின் ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தது. புரட்டினேன். மறுபக்கமும் வழவழப்பு. நகத்தால் நெருடிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இழை விட்டுப்போன துணி மாதிரி இருந்தது.

தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் எங்கள் வேலையில் கை சொன்னதை மறைத்து உருட்டிக் கட்டிவிட்டால், எங்கேயாவது வெளிச்சத்தில் விரிக்கும்போது துணி நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கம் விடவில்லை.

"தெரியுதும்மா," என்றேன். "ஒவ்வொண்ணும் தெரியுது. இதுல ஒண்ணுல எழுத்தே இல்ல."

அவர் எழுந்துவிட்டார். பையிலா, பையிலேயேவா இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே என் தோளைப் பிடித்தார். அக்கா எடுக்கவில்லை. அக்கா அதை எடுக்கவில்லை. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு முகம். பிறகு மெல்ல என் தோளை விட்டார்.

"அப்ப ஏன் ஆமான்னா?"

அவரே மேஜையைச் சுற்றிப் போனார். ஜன்னல் பக்கத்து நாற்காலியைத் தொடாமல், அதன் பின்னால் நின்று, குனிந்து பார்த்தார். எழுத்துகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.

"க்யூ. ஜே. வி. டபிள்யூ. சி. ஐ. ஐ."

படித்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். அந்த ஏழையும் வைத்துக்கொண்டு ஆடுவது அநேகமாக முடியாத காரியம் என்பது இத்தனை நாள் அவருக்கு எழுத்து பொறுக்கிய எனக்கே தெரிந்தது. பையில் மிச்சம் இருந்ததெல்லாம் நல்லவை. ஈ, ஆர், ஏ, அதோடு அந்த வெத்துக் கட்டை. அடுத்து எடுக்க வேண்டியவர் தங்கை.

கூரையிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது. இருவரும் நகரவில்லை.

"உன் கைக்குத் தெரியாம இருக்க முடியுமா?" என்று கேட்டார். "வேணும்னே கவனிக்காம எடுத்தா?"

முடியாது என்றேன். துணிமேல் கை வைத்தால் முடிச்சு இடிக்காமல் இருக்குமா, அதைப்போலத்தான் என்றேன். அவரிடம் நான் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

"ஆபீஸ்ல சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க. எனக்கு ஒரு தடவைகூட எதுவும் விழுந்ததில்ல. வீட்டுல மட்டும் கை ராசி. அது ஏன்னு ஒரு நாளும் யோசிக்கலையே நான்." அந்த ஏழு கட்டைகளையும் பார்த்தபடியே பேசினார். "வெத்துக் கட்டை விரல்ல படும். விட்டுடுவா. க்யூ படும். எடுத்துக்குவா. அன்னைக்குத் தப்பித்தவறி முன்னால போயிட்டா. அதைச் சரிபண்ணத்தான் அவ்வளவு நேரம் துழாவியிருக்கா. நான் கண்ணால பார்த்தது சரிதான். ஏமாத்துக்காரின்னு சொன்னதும் சரிதான்."

பிறகு அந்த நாற்காலியைப் பார்த்து:

"நான் ஜெயிச்சதுல எது என்னுது?"

கேள்வி என்னிடம் இல்லை. ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சம் அந்த நாற்காலியின் துவைத்த உறைமேல் விழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்து பதில் வந்திருந்தால்கூட அன்று நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

கீழே கொத்தனாரின் சைக்கிள் மணி கேட்டது. வீட்டுக்காரம்மா தன் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். தன் தாங்கியைப் பார்த்தார். எந்த வார்த்தை ஆடுவது என்று அவருக்கு எப்போதோ தெரியும், என்றைக்கோ முடிவு செய்து வைத்தது, பலகையில் அதற்கு இடமும் இருந்தது. ஆடினால் பையில் இருப்பது முழுவதும் அவருக்கு வந்துவிடும். வெத்துக் கட்டையும் வரும். அக்கா அதற்குத்தானே வைத்துவிட்டுப் போனார்.

அவர் கட்டையைத் தொடவில்லை. பையின் கயிற்றை இழுத்து என் பக்கம் நீட்டினார், முடிச்சு போடச் சொல்லி. நான் எங்கள் முடிச்சைப் போட்டேன். எதிரில் பார்த்து, மிகவும் சாதாரணமான குரலில் சொன்னார்:

"நான் ஆடல, பாஸ். உன் முறை, ஆடு."

கொத்தனார் மேலே வந்ததும் மேஜையை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. கீழே இறக்கினால் படியில் சாயும், கட்டை உருளும். மாடியில் ஒழுகாத இடம் என் அறைதான். கொத்தனார் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து, தண்ணீர்க் குடம் தூக்குவதுபோல அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு வந்தோம். வீட்டுக்காரம்மா முன்னால் பின்புறமாக நடந்து வழி காட்டினார். ஒரு கட்டைகூட அசையவில்லை. பாதி வழியில் கொத்தனார், இப்படிப் பாதியிலேயே நிற்கிறதே, யாரம்மா ஜெயிக்கிறது என்று கேட்டார். "தெரியல," என்றார் அவர். கடைசியாக அந்த ஜன்னல் பக்கத்து நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு வந்து என் படுக்கைக்கு எதிரில் போட்டார்.

கூரை பூசி, காய்ந்து, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. கொத்தனார் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முன்னறை சுத்தமாக, காலியாக இருக்கிறது. மேஜையைத் திருப்பி எடுத்துப் போகிற பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நசுங்கிய கூடையை நிமிர்த்தி மறுபடி மூடியிருக்கிறேன். பை ஜன்னலோரம் ஆணியில் தொங்குகிறது. சில நாள் நான் படியேறி வரும்போது அந்த விதை உரசும் சத்தம் கேட்கும். கதவைத் திறந்தால் ஜன்னல் காற்றில் பை சுவரில் மெல்ல இடித்துக்கொண்டிருக்கும். காற்று இல்லாத நாளிலும் ஓரிரு தடவை கேட்டதுண்டு. நான் அதைப் பக்கத்து மேஜை அக்காவிடம் சொல்லவில்லை.

இப்போது ஜன்னல் பக்கத்து நாற்காலியின் உறையைத் துவைப்பது நான். மில்லிலிருந்து வந்ததும் முதலில் என் கண் போவது அந்தத் தாங்கிக்குத்தான்.

வீட்டுக்காரம்மா சாயங்காலம் படியேறி வருவதை நிறுத்தவில்லை. உள்ளே வருவதில்லை. என் அறை வாசலில் கதவுச் சட்டத்தைப் பிடித்து நின்று, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்பார்.

"ஆடிட்டாளா?"

முதல் நாள் தாங்கியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். இப்போது பழகிவிட்டது.

"இல்லம்மா," என்பேன். "யோசிச்சுக்கிட்டு இருக்காங்க."

"யோசிப்பா, யோசிப்பா," என்பார். "ஏழும் அப்படி. இந்தத் தடவை அவளை விட்டுக்குடுக்க விடமாட்டேன்னு சொல்லு."

சொல்கிறேன் என்பேன். அவர் கீழே இறங்கும் சத்தம் முடிந்தபின், அந்த நாற்காலிப் பக்கம் திரும்பி, அதை நான் சொல்லியும் விடுவேன்.